யுத்தத்துக்கு ஆகாத குண்டு ஊருக்கு ஆகுமா?

2019 ஜனவரியில் ராணுவத் தொழில் வழித்தடத்தைத் துவக்கி வைத்தபோது, சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு நமது சேலமும் அதன் ஐந்து மையங்களில் ஒன்று என்று அறிவித்தார்கள். வேலை வரும் என்றால் நாம் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. மில்லில் ஷிப்டு குறைந்து, கிணற்றில் தண்ணீர் இறங்கி, பையன்கள் லாரிப் பட்டறைக்கும் திருப்பூருக்கும் போய்க்கொண்டிருக்கும் ஊர்கள் இவை. ஆனால் ஆயுதம் என்று வந்துவிட்டால் அது யார் மேல் பாயும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆயுதங்களிலேயே சிறியதான துப்பாக்கித் தோட்டாவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

தோட்டாவைப் பிரித்தால் நாலு சாமான்கள்தான். பித்தளைக் கூடு, அடியில் பொறி தட்டும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் ஈயத்தின்மேல் செம்புத் தகடு போர்த்த குண்டு. அந்த மருந்து எதனால் ஆனது என்று கேட்டால் மில் தொழிலாளி திகைத்துப் போவார். பஞ்சினால்தான்! பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சை அமிலத்தில் பக்குவம் செய்தால் வெடிபஞ்சு ஆகிறது. நீலகிரியில் குன்னூர்ப் பக்கம் உள்ள அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இந்த வகை மருந்தைச் செய்து வருகிறது.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சிப்பாய்க்குச் சொன்னவனும் ஒரு தொழிலாளிதான். 1857 ஜனவரி. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலை. தாகத்துக்கு லோட்டாவில் தண்ணீர் கேட்ட கூலிக்காரனுக்குப் பிராமணச் சிப்பாய் தர மறுத்தானாம். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய காகிதத் தோட்டாவை நாளைக்குப் பல்லால் கடிக்கப் போகிறாயே, அப்போது உன் ஜாதி எங்கே போகும் என்று கூலிக்காரன் திருப்பிக் கேட்டான் என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். பிறகு அந்த வருஷம் என்ன நடந்தது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

அதே டம்டம்மில் நாற்பது வருஷம் கழித்து இன்னொரு வேலை நடந்தது. 1895-ல் வடமேற்கு எல்லையில் சித்ரால் படையெடுப்பின்போது, புதிய .303 குண்டு உடம்பைத் துளைத்துக்கொண்டு போயும் மலைவாசிகள் விழாமல் மேலே பாய்ந்து வருகிறார்கள் என்று துரைமார்கள் புகார் செய்தார்கள். தன் மண்ணைக் காக்கிறவன் ஒரு குண்டில் விழவில்லை என்பது குற்றமாம்! உடனே பெர்ட்டி-கிளே என்ற அதிகாரி குண்டின் நுனியில் மட்டும் தகட்டை நீக்கி ஈயத்தைத் திறந்துவிட்டார். உடம்பில் பட்டதும் நுனி காளான்போல் விரிந்து சதையையும் எலும்பையும் சிதைத்தது. டம்டம் குண்டு என்று உலகம் முழுதும் பெயர் எடுத்தது இதுதான்.

1899-ல் ஹேக் மாநாடு கூடி, விரியும் குண்டு யுத்தத்தில் கூடாது என்று தீர்மானித்தது. பிரிட்டிஷ் பிரதிநிதி ஜெனரல் ஆர்டா எழுந்து எதிர்த்தார். நாகரிகமடைந்த சிப்பாய் ஒரு குண்டுபட்டால் ஓய்ந்துவிடுவான், காட்டுமிராண்டி அப்படி இல்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். காட்டுமிராண்டி என்றால் யார்? நம்மைத்தான் சொன்னார். 1907-ல்தான் பிரிட்டன் அதை ஏற்றது. ஏற்றாலும் என்ன? ஒப்பந்தத்தில் சேர்ந்த தேசங்கள் தங்களுக்குள் நடத்தும் யுத்தத்துக்குத்தான் அந்தத் தடை. சொந்த ஜனங்கள் மேல் போலீஸ் எதைச் சுடலாம் என்பது பற்றி அதில் ஒரு வரி இல்லை.

1910-ல் வந்த ஏழாம் ரகக் குண்டைப் பாருங்கள். முழுதும் தகடு போர்த்ததுதான், தடையை மீறவில்லை. ஆனால் கூர்முனைக்குள் கனமில்லாத அலுமினியம், பின்பாதியில் கனத்த ஈயம். உடம்புக்குள் போனதும் அது தலைகுப்புறப் புரண்டு உள்ளே கிழித்தது. வக்கீல் மூளையும் என்ஜினீயர் மூளையும் சேர்ந்து செய்த காரியம் இது!

அதற்குப் பிறகு வந்த மாறுதல்கள் பல. 7.62 மில்லிமீட்டர் குண்டு பாரம் என்று 1990-களில் நம் ராணுவம் இன்சாஸ் துப்பாக்கியோடு 5.56-க்கு வந்தது, 2019-ல் மறுபடி 7.62 துப்பாக்கிகளை அமெரிக்கக் கம்பெனியிடம் வாங்கியது. 2022-ல் அமெரிக்க ராணுவம் மார்புக் கவசத்தைத் துளைக்க 6.8-ஐத் தேர்ந்தெடுத்தது. அதன் அழுத்தத்தைப் பித்தளை தாங்காது என்று கூட்டின் அடியை உருக்கில் செய்தார்கள். குண்டை மாற்றினால் துப்பாக்கியை மாற்ற வேண்டும், துப்பாக்கியை மாற்றினால் கோடிக்கணக்கில் ஆர்டர். கம்பெனிக்கு இரண்டு பக்கமும் லாபம்.

வேட்டைக்காரன் விரியும் குண்டு கேட்பதில் நியாயம் உண்டு. அடிபட்ட மிருகம் காட்டுக்குள் ஓடி நாள்கணக்கில் துடித்துச் சாகக் கூடாது. போலீசுக்கும் அதுவே நல்லது, குண்டு ஒருவனை ஊடுருவிப் பின்னால் நிற்பவன்மேல் படாது என்று வாதிப்பவர்கள் பல தேசங்களில் உண்டு. வாதத்தில் பாதி உண்மை. தகடு போர்த்த ராணுவக் குண்டு ஒருவனைத் துளைத்து அடுத்தவனையும் கொல்லும். விரியும் குண்டு பட்டவனைச் சிதைக்கும். ஜனக்கூட்டத்தில் சுட இரண்டில் எது நல்லது என்று விசாரிப்பதே பித்தலாட்டம் என்கிறோம்.

1950 பிப்ரவரி 11-ந் தேதி சேலம் மத்திய சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். நாலு சுவருக்குள், கையில் ஆயுதமில்லாத மனிதர்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போன ஜனங்களில் 13 பேர் போலீஸ் சூட்டில் மாண்டார்கள். வேன் மேல் ஏறி நீளத் துப்பாக்கியால் குறிபார்த்த போலீஸ்காரரின் படத்தை நாடே கண்டது. கலைந்து ஓடியவர்களையும் சுட்டார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் அறிக்கை சொன்னது; 2022 அக்டோபரில் அது சட்டசபையில் வைக்கப்பட்டது. அந்த இரண்டு இடத்திலும் யார் மார்புக் கவசம் போட்டிருந்தார்கள்?

தோட்டா செய்கிற தொழிலாளியின் கதியையும் பாருங்கள். 2021 அக்டோபர் 1-ந் தேதி 41 ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யாமலிருக்க, முன்கூட்டியே அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் கான்பூரில் அதானியின் தோட்டாத் தொழிற்சாலை திறந்தது. சர்க்கார் ஆலையில் குண்டுக்குக் கணக்குக் கேட்கச் சட்டசபையும் பார்லிமெண்டும் இருந்தன. முதலாளியின் ஆலையில் யார் கேட்பது?

சேலத்து மையத்தைப் பற்றி மந்திரிகள் பேச வரும்போது நாம் கேட்க வேண்டியவை உள்ளன. இங்கே என்ன சாமான் செய்வீர்கள்? நிரந்தர வேலையா, காண்ட்ராக்ட் கூலியா? சங்கம் வைக்க விடுவீர்களா? அதோடு இன்னொன்று: ஜனங்கள் கூடும் இடத்துக்கு ராணுவத் துப்பாக்கியும் அதன் தோட்டாவும் வரக்கூடாது என்று சட்டமாக எழுதுவீர்களா? எந்த ஜில்லாப் போலீசிடம் எந்த ரகத் தோட்டா எத்தனை இருக்கிறது, வருஷத்தில் எத்தனை சுடப்பட்டது என்ற கணக்கை வருஷாவருஷம் சட்டசபையில் வைப்பீர்களா?