ராமேஸ்வரம் வேன் நிற்காத ஊர்கள்

ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் போதும், வேடசந்தூர் பக்கமிருந்து ராமேஸ்வரத்துக்கு வேன்கள் கிளம்பிவிடும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏறினால் விடியற்காலை அக்னி தீர்த்தம். தர்ப்பணம், 22 தீர்த்தம், தரிசனம், மத்தியானம் தனுஷ்கோடி, சங்குக் கடை, பாசிமணி கடை, அப்புறம் வீடு. பள்ளி, கல்லூரி டூர் என்றாலும் தர்ப்பணம் மட்டும்தான் குறையும், மற்றதெல்லாம் இதேதான்.

இப்படிப் போகிற வண்டி, தமிழ்நாட்டின் முக்கியமான சில இடங்களை நிற்காமல் கடந்து போகிறது. அதுதான் வருத்தம்.

மதுரையைத் தாண்டி சிலைமான் பக்கம் திரும்பினால் கீழடி. 2014-ல் மத்திய தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியது. 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டுகிறது. அங்கே மக்கள் கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே வாழ்ந்தார்கள் என்று 2019-ல் வெளியான மாநில அரசின் அறிக்கை சொன்னது. 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டிய அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. கீழடியில் கிடைத்த பொருட்களில் நூல் நூற்கும் தக்களியும் உண்டு. நூற்பாலைக்கு ஷிப்ட் போகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் வேடசந்தூர்க்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய பொருள் அது!

கீழடி இருப்பது வைகைக் கரையில். அதே வைகை கடலைச் சேரும் பக்கத்தில், ராமநாதபுரத்துக்குக் கிழக்கே அழகன்குளம். 1986 முதல் பல கட்டங்களாக அங்கே அகழாய்வு நடந்தது. ரோமானியக் காசுகளும், தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும், கப்பல் வரைந்த ஓடும் கிடைத்தன. ஆற்றின் நடுவே ஒரு ஊர், முகத்துவாரத்தில் கடல் கடந்து வியாபாரம் செய்த ஒரு துறைமுகம். ஏற்றுமதி இறக்குமதிக்கு இதைவிட நல்ல பாடம் எந்த வணிகவியல் புத்தகத்தில் இருக்கிறது?

ராமநாதபுரம் ஊருக்குள்ளேயே சேதுபதிகளின் ராமலிங்க விலாசம் அரண்மனை இருக்கிறது. இப்போது அது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய ஓவியங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன. ராமாயணக் காட்சிகள், தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திக்கும் காட்சி எல்லாம் உண்டு.

"நேரம் இல்லையே" என்பார்கள். திருப்புல்லாணிக்கும் தேவிபட்டினத்துக்கும் வேன் நிற்கிறதே? அரண்மனை அந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் இருக்கிறது.

"செலவு" என்பார்கள். வணிகவியலில் இறுதிநிலைச் செலவு என்று ஒன்று படிக்கிறோம். கூடுதலாக ஒன்றைச் செய்ய எவ்வளவு கூடுதலாக ஆகும் என்ற கணக்கு. வேன் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. வழியிலேயே இருக்கும் ஓர் இடத்தில் இறங்கிப் பார்க்க மிஞ்சிப் போனால் நுழைவுச் சீட்டும் ஒரு மணி நேரமும்தான்.

"மக்களுக்கு ஆர்வம் இல்லை" என்பதும் உண்மையில்லை. பேக்கரும்பில் 2017-ல் திறந்த அப்துல் கலாம் நினைவிடத்தில் கூட்டத்தைப் பாருங்கள். ரோட்டோரம் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த பெயர், அதனால் எல்லா வண்டியும் நிற்கிறது. மற்ற இடங்களைப் பற்றி டூர் ஏற்பாடு செய்பவருக்கும் டிரைவருக்கும் யாரும் சொல்வதில்லை. அவ்வளவுதான்.

நிற்கிற இடத்திலாவது பார்க்கிறோமா? ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவே தனுஷ்கோடி. 1914 முதல் ரயிலில் அங்கே வந்து, கப்பல் ஏறி தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் கடலோடு போனார்கள். இன்று அந்த இடிந்த சர்ச் சுவருக்கு முன்னால் நின்று செல்பி எடுக்கிறோம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து சிதைந்த கட்டடத்தை அப்படியே வைத்து, அருகிலேயே அருங்காட்சியகம் கட்டி, நடந்ததைச் சொல்கிறார்கள். இடிந்த சுவர் தானாகப் பேசாது. யாராவது சொல்ல வேண்டும். வேனில் வருகிற பெரியவர்களில் 1964-ஐ நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையாவது பேசச் சொல்லலாம்.

பார்க்க ஆள் வராத இடத்துக்குப் பராமரிப்புப் பணமும் கடைசியில்தான் வரும். அரசு செய்யட்டும் என்று காத்திருப்பதைவிட, போகிறவர்கள் இறங்கிப் பார்ப்பது சுலபம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது, உண்மைதான். போகும்போது இருட்டில் எல்லாம் பூட்டித்தான் இருக்கும். ஆனால் திரும்புவது பகலில்தானே? ஒரு பயணத்துக்கு ஓர் இடம் போதும். வார விடுமுறை என்றைக்கு என்று மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அமாவாசைக்கு வேன் பேசும்போதே டிரைவர் அண்ணனிடம் சொல்லி வையுங்கள்: "வர்றப்ப ராமநாதபுரம் அரண்மனையில ஒரு மணி நேரம் நிறுத்துங்கண்ணே."