பழைய காரும் புதிய ஆணியும்

சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு மாத்தளையிலிருந்து சீகிரியாவுக்குப் புறப்பட்டோம். வண்டி, என் தந்தையார் யாழ்ப்பாணத்தில் ஓட்டிய 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். தம்புள்ளையைக் கடந்து இனாமலுவைச் சந்தியில் திரும்பிச் சிறிது தூரம் சென்றதும் எஞ்சின் கொதிக்கத் தொடங்கிற்று. மூடியைத் திறந்தேன். டைனமோவை இழுத்து நிறுத்தும் போல்ட் கழன்று, விசிறிப் பட்டி தொய்ந்து கிடந்தது. பட்டி சுழலாவிடின் தண்ணீர்ப் பம்பும் சுழலாதன்றோ?

அவ்வழியே பழைய லாண்ட் ரோவர் ஒன்றில் வந்த சிங்கள முதியவர் வண்டியை நிறுத்தினார். மின்னேரியாவில் யானை பார்க்க வருவோரை ஏற்றிச் செல்பவர் அவர். கழன்ற போல்ட்டின் தலையை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாத்தயா, இது இந்த வண்டியோடு பிறந்ததன்று” என்றார். பின்னர்த் தம் பால்மா டின்னைக் கவிழ்த்துச் சற்றே நீளமான போல்ட் ஒன்றைத் தேடியெடுத்து, பின்புறம் ஒரு நட்டும் இட்டு இறுக்கித் தந்தார். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

தலையைப் பார்த்தே பிறப்பைச் சொல்வது எங்ஙனம்? மந்திரம் ஏதுமில்லை. பிரித்தானியக் கார்களில் முன்னர் விட்வர்த் முறைப் புரிகளே பெரிதும் வழங்கின. யோசேப்பு விட்வர்த் 1841இல் வகுத்த அம்முறையில் புரியின் கோணம் 55 பாகை. 1948இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய மூன்றும் கூடி, 60 பாகைக் கோணமுடைய பொதுப் புரியை ஏற்றுக்கொண்டன. பிரித்தானியக் கார்களும் படிப்படியாக அதற்கு மாறின. புதியதைப் பழையதோடு குழப்பிவிடாதிருக்க, போல்ட்டின் தலையில் வட்டக் குழி ஒன்றையோ, ஒன்றையொன்று தொடும் சிறு வளையங்களையோ பொறித்தார்கள். முதியவர் தேடிய அடையாளம் அதுவே. என் போல்ட்டின் தலையிலோ 8.8 என்ற இலக்கம் இருந்தது. அது மெட்ரிக் போல்ட்டின் வலிமையைக் குறிப்பது. நல்ல உருக்குத்தான், வந்து சேர்ந்த வீடுதான் பிழை.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு பட்டறையில் அதை மாட்டியிருந்தார்கள். பழைய போல்ட்டின் பருமன் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு, அதாவது 7.94 மில்லிமீற்றர். புதியது 8 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதில் அங்குலத்திற்கு 24 புரிகள். பின்னதில் ஏறத்தாழ 20. விரலால் திருகினால் இரண்டொரு சுற்று உள்ளே போகும். அதன்மேல் ஸ்பானரால் வலிந்து திருகினால் துளையின் புரி அறுந்துபோகும். ஸ்பானரிலும் இதே மயக்கம் உண்டு. பழைய தலையின் அகலம் 12.7 மில்லிமீற்றர். அதில் 13 மில்லிமீற்றர் ஸ்பானரைப் பூட்டினால் நாளடைவில் மூலைகள் மழுங்கிவிடும். டைனமோவில் நேர்ந்த இப்பிழை பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ நேர்ந்திருந்தால், இக்கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

வேறு அடையாளங்களும் உள. லூக்காஸ் டைனமோ போன்ற மின்பாகங்களின் உடலில், அவை செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. அந்த ஆண்டு காரின் ஆண்டுக்குச் சிறிது முற்பட்டிருந்தால் ஐயமில்லை. பிற்பட்டிருந்தால் பாகம் மாற்றப்பட்டது. துருவேறா உருக்கின் பளபளப்பும் பெரும்பாலும் பிற்காலத்தது. அமெரிக்காவில் 1960களின் பேராற்றல் கார்களைச் சேகரிப்போரும் இவ்வாறே போல்ட்டின் தலையிலுள்ள கோடுகளை எண்ணுகிறார்கள். மூன்று கோடு ஒரு வலிமை, ஆறு கோடு அதனினும் மிக்க வலிமை. ஒரு கோடு பிசகினாலும் விலை குறைத்துக் கேட்பார்கள்.

விலை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அண்மையில் தரகர் ஒருவர் என் காரைப் பார்க்க வந்தார். அதில் பதினொரு போல்ட்டுகளின் தலையில் எவ்வடையாளமும் இல்லை. “இவற்றைக் கழற்றிவிட்டு, முத்திரையுள்ள பழைய போல்ட்டுகளைப் போடுங்கள் மாஸ்டர். எல்லாம் ஒறிஜினல் என்று சொல்லி நல்ல விலைக்கு விற்கலாம்” என்றார். அந்தப் பதினொன்றும் 1990களில் வடக்குக்கு எரிபொருளும் உதிரிப்பாகமும் செல்லத் தடையிருந்த காலத்தில், என் தந்தையார் லேத் பட்டறையில் காத்திருந்து கடைவித்தவை. கார் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. அன்று தரகருக்கு நான் விடை சொல்லவில்லை.

விடை சீகிரியாவில் கிடைத்தது. கண்ணாடிச் சுவரின் அருகே நின்றபோது, பழைய சாந்தின் மினுமினுப்பும் பிற்காலத்தில் செப்பனிட்ட பகுதிகளின் மங்கலும் வேறு வேறாகத் தெரிந்தன. 1964இல் வெனிசு நகரில் வகுக்கப்பட்ட பாதுகாப்புச் சாசனம் இதைத்தான் விதிக்கிறது: இழந்த பகுதியை ஈடு செய்யும்போது அது முழுமையோடு இசைய வேண்டும், ஆயினும் பழையதென்று பார்ப்பவரை ஏமாற்றலாகாது. மலைக்கோட்டைக்குரிய அறம் மொரிஸ் மைனருக்கும் பொருந்தாதா?

வீடு திரும்பியதும் ஒரு கொப்பியை எடுத்தேன். காரில் எது தொழிற்சாலையில் பூட்டியது, எது அப்பா கடைவித்தது, எது அம்முதியவர் தந்தது என்று ஒவ்வொன்றாய் எழுதினேன். விற்க நேர்ந்தால் அக்கொப்பியும் காரோடு போகும். விலை சற்றுக் குறையலாம், குறையட்டும். உங்கள் வீட்டிலும் பழைய வண்டி, தையல் இயந்திரம், கடிகாரம் ஏதேனும் இருந்தால், கழற்றிய ஆணியை வீசிவிடாதீர்கள். ஒரு டின்னில் போட்டு வையுங்கள். என்றேனும் வழியில் நின்று தவிக்கும் ஒருவருக்கு அது உதவும்.