எந்த ஜாயின் போட்டீங்க?

1/ நேத்து கொரட்டூர் ஸ்டேஷன்ல ஒரு அண்ணன் கேட்டார்: "சுகர் இருக்கிற எல்லாருக்கும் மாத்திரை குடுத்தாச்சுன்னு சொல்றீங்க. எங்க தெருவுல பாதி பேர் சாப்பிடறதே இல்லையே டாக்டர்?" பதில் எஸ்க்யூஎல்-ல இருக்கு. சின்ன த்ரெட்.

2/ ரெண்டு லிஸ்ட். ஒண்ணு லேப்ல சுகர்னு தெரிஞ்சவங்க, இன்னொண்ணு ஃபார்மஸில மாத்திரை வாங்கினவங்க. இன்னர் ஜாயின் போட்டா ரெண்டுலயும் இருக்கிறவங்க மட்டும்தான் வருவாங்க. ரிப்போர்ட்ல 100 சதவீதம். வராம போகுமா?

3/ லேப் லிஸ்டை இடப்பக்கம் வச்சு லெஃப்ட் ஜாயின் போடுங்க. எல்லாரும் வருவாங்க. மாத்திரை வாங்காதவங்க கட்டத்துல 'நல்'னு நிக்கும். தமிழ்ல நல்னா நல்லது, இங்க ஆளைக் காணோம்னு அர்த்தம். ஆறு மாசம் கழிச்சு கால் புண்ணோட வர்றது அந்தக் கட்டம்தான்.

4/ ஒரு பொறி இருக்கு. லெஃப்ட் ஜாயின் போட்டுட்டு, மாத்திரை வாங்கின தேதியை 'வேர்' பகுதியில கேட்டா நல் வரிகள் எல்லாம் விழுந்துடும். திரும்ப இன்னர் ஜாயின்தான். தேதியை 'ஆன்' பகுதியிலயே எழுதணும். நானே இதுல ஏமாந்திருக்கேன்.

5/ இது வெறும் கம்ப்யூட்டர் சமாச்சாரம் இல்லை. 2020-ல கொரோனா மரணக் கணக்கு ஞாபகம் இருக்கா? சென்னை மாநகராட்சி இறப்புப் பதிவேடும் மாநில சுகாதாரத் துறை பட்டியலும் ஒத்துப்போகல. குழு போட்டு ஒப்பிட்டாங்க. ஜூலை 22 அன்னிக்கு விடுபட்ட 444 மரணங்கள் கணக்குல சேர்ந்தது. கையால செஞ்சாலும் அது லெஃப்ட் ஜாயின் வேலைதான்: ஒண்ணுல பேர் இருக்கு, இன்னொண்ணுல நல்.

6/ நல் எல்லாமே உண்மையும் இல்லை. லேப்ல 'எஸ். முருகன்', ஃபார்மஸில 'முருகன் எஸ்'. கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேர். பொதுவான நம்பர் இல்லாம பேரை வச்சுச் சேர்த்தா, மருந்து வாங்கினவரும் நல்-ல போய் நிப்பார். அதனால நல் வந்தா வரியை அழிக்காதீங்க, ஃபோன் பண்ணுங்க.

7/ என் கருத்து: ஒவ்வொரு சுகாதார ரிப்போர்ட்லயும் "பொருந்தாதவர்கள் எத்தனை பேர்"னு ஒரு வரி கட்டாயம் இருக்கணும். அந்த அண்ணன் கேட்டது அந்த ஒரு வரியைத்தான்.