பெயரில் ஓர் எழுத்து

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரராவது இருப்பார் என்பார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்று பேச்செடுத்தால் ஆண்கள் கணக்குச் சொல்வார்கள்: 2014 ஜூலை முதல் அமல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம். பெண்கள் சொல்வது வேறு கதை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் வடக்கத்திக் குமாஸ்தா எழுதிய 'லக்ஷ்மி'. ஆதாரில் 'லெட்சுமி அம்மாள்'. கணவர் போன பிறகு, இருவரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க அஃபிடவிட், ரெக்கார்டு ஆபீஸ், அப்புறம் பிரயாக்ராஜில் இருக்கும் படைத்துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகம். அதுவரை குடும்ப ஓய்வூதியம் இழுபறிதான். எல்லாம் 'ஸ்பர்ஷ்' என்ற படைத்துறை ஓய்வூதிய இணையதளத்துக்கு வந்துவிட்டது, சரி. ஓடிபி போவது மகனின் போனுக்கு, மகன் இருப்பதோ திருப்பூரில். தொகையை உயர்த்தக் கேட்பது நியாயமே. ஆனால் காசு செலவில்லாத வேலை ஒன்று உண்டு. சிப்பாய் பணியில் இருக்கும்போதே மனைவி, பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதியை ஆதாரோடு ஒப்பிட்டுத் திருத்தி முடித்துவிடலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் மாதம் ஒருநாள் கைரேகைக் கருவியோடு ஊருக்கே வரட்டும். எழுபது வயதுக் கிழவி பஸ் பிடித்து வேலூர் போய், 'நாளைக்கு வாங்கம்மா' என்று கேட்டுத் திரும்ப வேண்டியிருக்காது.