கிடையும் மழையும்

கிடை என்ற சொல்லைக் கேட்டதும் இலக்கிய வாசகர்களாகிய நமக்குக் கி. ராஜநாராயணனின் குறுநாவல் நினைவுக்கு வரும். கொங்குப் பகுதியினர்க்குப் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யும் (2000) உடன் வரும். இத்தகைய படைப்புகளை முன்வைத்து மேய்ப்பவனின் துயரைப் பேசினோம், சாதியைப் பேசினோம். அவை பேசப்பட வேண்டியவையே. ஆடுகள் மிதித்துச் சென்ற மண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதும் பேசப்பட வேண்டியதே என்பது நம் கருத்து.

சேலம், நாமக்கல் சமவெளியின் மேட்டாங்காடுகளில் பெரும்பகுதி செம்மண். கடலையும் சோளமும் எடுத்தபின் அங்கே ஆடுகள் இறங்கும். மேச்சேரியின் பெயரையே தாங்கிய செம்மறியினம் இம்மண்ணுக்குரியது. அதற்கெனப் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையமே உண்டு. இந்த ஆடுகளைப் பற்றி இரு கட்சிகள் நிலவுகின்றன. ஆடு மிதித்த காடு இறுகிவிடும், மழைநீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும் என்பது ஒன்று. முன்னோர் செய்தது எதுவும் தவறாகாது என்பது மற்றொன்று. இரண்டும் பாதி உண்மை என்றே தோன்றுகிறது.

மண்ணுக்குள் நீர் இறங்குவது கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே. ஈர மண்ணில் குளம்பு அழுந்தும்போது மேலே சில அங்குல ஆழத்துக்குள் அத்துளைகள் நசுங்குகின்றன. தாளும் சருகும் மேயப்பட்டு நிலம் வெறுமையானால், மழைத்துளி நேரே அறைந்து மேல்மண்ணை ஏடு கட்ட வைக்கும். இது இழப்புக் கணக்கு. வரவுக் கணக்கும் உண்டு. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உணவாகின்றன. மண்புழுவும் கறையானும் சாணிவண்டும் புதிய துளைகளை இடுகின்றன. மாட்டுச் சாணத்தை மண்ணுக்குள் சேர்க்க ஆஸ்திரேலியா 1960களின் பிற்பகுதியிலிருந்து அயல்நாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

ஆக, வினா ஆடு வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எப்போது, எத்தனை நாள் என்பதே. கோடையில் காய்ந்த நிலத்தில் பட்டி போட்டு, படலை அடிக்கடி இடம்பெயர்த்து, பின் உழவு ஓட்டும் வழக்கத்தில் இவ்வினாவுக்கு விடை இருக்கிறது. காய்ந்த மண் எளிதில் அமுங்காது. மேலே இறுகியதையும் உழவு உடைத்துவிடும். அடியும் மூடியும் இல்லாத தகரக் குவளை ஒன்றைப் பட்டி போட்ட இடத்திலும் போடாத இடத்திலும் சிறிது பதித்து, ஒரே அளவு நீர் ஊற்றி, அது வடியும் நேரத்தை ஒப்பிட்டால் எவரும் இதைத் தம் காட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

மழை நாள்களில் ஈரக் காட்டில் ஆட்டை விடாதே என்று மேய்ப்பவனிடம் சொல்வது எளிது. சொந்த நிலமற்ற அவன் அந்த நாள்களில் ஆடுகளை எங்கே ஓட்டிச் செல்வான்? முன்பு அதற்கு ஊர்ப் பொதுவில் மேய்ச்சல் புறம்போக்கு இருந்தது. அது வீடாகவும் தோட்டமாகவும் பட்டாவாகவும் கரைந்தது. பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது 2011இல். அத்தீர்ப்பை நீர் குறித்த தீர்ப்பாகவும் நாம் வாசிக்க வேண்டும்.

உழுவதைவிட எருவிடுவது நன்று என்று வள்ளுவர் சொன்னதை வகுப்பறைகளில் சலிக்காமல் விளக்குகிறோம். அந்த எருவைக் கொண்டுவரும் ஆட்டுக்கும் அதன் பின்னே நடப்பவனுக்கும் மழைக்காலத்தில் ஒதுங்க இடம் கொடுக்காமல், கிணறு வற்றியதற்கு அவர்களைக் குறைசொல்வது அறமாகாது. மேய்ச்சல் நிலத்தை மீட்டுக் கொடுத்தபின் ஈர நாளில் காட்டுக்குள் வராதே என்று சொல்வோம்; அப்போதுதான் அந்தச் சொல்லில் நியாயம் இருக்கும்.