முறைப்பாடு எந்த மொழியில்?

சில காலத்திற்கு முன்னர், பசுவைக் களவு கொடுத்த தாயொருவருடன் நகரப் பொலிஸ் நிலையமொன்றுக்குச் சென்றோம். அவர் ஏற்கனவே அங்கு முறைப்பாடு செய்து, கைநாட்டும் வைத்துவிட்டு வந்திருந்தார். ஒரு மாதமாகியும் எவரும் வந்து விசாரிக்கவில்லை. புத்தகத்திலுள்ளதை வாசித்துக் காட்டும்படி கேட்டோம். சிங்களத்தில் எழுதப்பட்டிருந்த அப்பதிவில், மேயப்போன பசு வழிதவறிவிட்டது என்றிருந்தது. கயிறு வெட்டப்பட்டுக் கிடந்ததும், இரவில் வாகனச் சத்தம் கேட்டதும் அதில் இல்லை. வழிதவறிய மாட்டுக்காக யார் கள்ளனைத் தேடப்போகிறார்கள்?

சில நாடுகளில் மாநகரசபைகளுக்கெனச் சொந்தப் பொலிஸ் உண்டு. எமது மாநகரசபைகளிடம் அது இல்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தில் மாகாணங்களுக்கென எழுதப்பட்ட பொலிஸ் அதிகாரங்களும் இன்றுவரை ஏட்டிலேயே இருக்கின்றன. ஆகவே எமது நகர நிலையத்தில் இருப்பவர் பொலிஸ் மா அதிபரின் கீழுள்ள நாடளாவிய சேவையைச் சேர்ந்தவர். இன்று இங்கே, நாளை வேறெங்கோ. ஊரின் மொழி தெரிந்தவராகத்தான் வரவேண்டும் என்றில்லை.

அவருடைய கடமைகளை 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் வரிசைப்படுத்துகிறது: குற்றங்களைத் தடுத்தல், அமைதி பேணல், குற்றவாளிகளைக் கண்டுபிடித்து நீதியின் முன் நிறுத்தல் என்றிவ்வாறு. எந்நேரமும் அவர் கடமையிலுள்ளவராகவே கருதப்படுவார் என்றும் அது சொல்கிறது. ஆனால் எம் மக்களைப் பொறுத்தவரை இவற்றுக்கெல்லாம் முந்திய கடமை ஒன்றுண்டு. அது சொன்னதைச் சொன்னபடி எழுதுவது.

இது எமது ஆசை மட்டுமல்ல. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைக் கோவைச் சட்டத்தின் 109 ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகச் சொல்லப்படும் தகவலைச் சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அது இயலாவிடின், அவர் விரும்பும் மொழியில் எழுத்தில் தரும்படி உத்தியோகத்தர் கேட்க வேண்டும். அவருக்கு எழுத இயலாதென்றால் மாத்திரமே, காரணத்தையும் குறித்துவிட்டு, தேசிய மொழிகளில் ஒன்றில் எழுதலாம். அப்போதும் எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். அல்லது அவருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும்.

அன்று மேசையிலிருந்த இளைஞர் கெட்டவர் அல்லர். தமக்கு விளங்கிய நாலு சொல்லை வைத்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். வரிசையில் நிறையப்பேர் நின்றார்கள். தமிழ் தெரிந்தவர் விடுமுறையில். அவர்மீது கோபிப்பதில் பயனில்லை. தமிழ் பேசும் ஊருக்குத் தமிழ் எழுதத் தெரிந்தவரை அனுப்பாத மேலிடத்திடமே எமது கேள்வி. 1987 இலிருந்து தமிழும் அரசகரும மொழிதானே!

எமது சங்கங்களுக்கு ஒன்று சொல்வோம். பொலிஸுக்குப் போகுமுன் முறைப்பாட்டை வீட்டிலேயே தமிழில் எழுதி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவருடன் பத்தாம் வகுப்புப் பிள்ளையொன்றாவது போகட்டும். விளங்காத தாளில் கைநாட்டு வைக்க வேண்டாம்.

அந்தத் தாயின் முறைப்பாட்டை மறுபடி தமிழில் எழுதிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் இரண்டு உத்தியோகத்தர்கள் பட்டியைப் பார்க்க வந்தார்கள். பசு இன்னும் கிடைக்கவில்லை.