பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றாமல் கொடுக்காதீர்கள்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கம்ப்யூட்டர்களைப் பலரும் மாற்றி வருகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட்டுகளிலும் வீடுகளிலும் இதே நிலைதான். புதியது வந்ததும் பழைய சிபியு எக்ஸ்சேஞ்சுக்கோ காயலான் கடைக்கோ போய்விடுகிறது. உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கும் அதோடு போகிறது. இது தவறு என்பது என் கருத்து.

"பார்மட் செய்துதானே கொடுத்தேன்" என்பார்கள். குவிக் பார்மட்டில் பைல்களின் பட்டியல் மட்டுமே அழிகிறது. பைல்கள் டிஸ்கிலேயே இருக்கும். இலவச ரெக்கவரி மென்பொருள் வைத்திருக்கும் எவரும் உங்கள் ஜிஎஸ்டி பில், சம்பளக் கணக்கு, ஆதார் ஸ்கேன், கல்யாணப் போட்டோ எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

எனவே டிஸ்கைக் கழற்றி புதிய கம்ப்யூட்டரில் இரண்டாவது டிரைவாகப் பொருத்துங்கள். சாட்டா டிஸ்க் என்றால் பெரும்பாலான டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் அதற்கு இடம் உண்டு. அகலமான 40 பின் ஐடிஇ டிஸ்க் என்றால் யூஎஸ்பி கன்வர்ட்டர் தேவைப்படும். லேப்டாப் வாங்கியவர்கள் யூஎஸ்பி கேசிங்கில் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் புதிய எஸ்எஸ்டியில் இருந்தே பூட் ஆகட்டும். பழைய டிஸ்கில் உள்ள விண்டோஸை ஓட்ட முயலாதீர்கள்.

கழற்றும் முன் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் முதலில் அதை நிறுத்துங்கள். இல்லையென்றால் புதிய கம்ப்யூட்டர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும்!

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பழைய டிஸ்கை நம்பி ஒரே பிரதியை அதில் வைக்காதீர்கள். சுழலும் தட்டும் நகரும் ஹெட்டும் கொண்ட இயந்திரம் அது, தேய்ந்துதான் தீரும். முதல் வேலையாக எல்லாப் பைல்களையும் எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்யுங்கள். அதன்பின் பழைய டிஸ்க் இரண்டாவது பிரதியாக இருக்கட்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதன் உடல்நிலையைக் காட்டும். அது எச்சரித்தால் வேறு டிஸ்க் வாங்கிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கும் கேசிங்தான் நல்லது. வாரம் ஒருமுறை இணைத்து பேக்கப் எடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள். மின்னழுத்தம் எகிறினாலும் வைரஸ் வந்தாலும் இரண்டு பிரதியும் ஒன்றாகப் போகாது.

முற்றிலும் பழுதான டிஸ்கைக் குப்பையில் போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். வேலூர் மாவட்ட டேனரிக் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் வலியுறுத்தியது, சேதம் வரும் முன்பே தடுக்க வேண்டும் என்பதைத்தான். பாலாற்றங்கரையில் இருக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கழிவுக்குப் பொருந்துவது உங்கள் பைல்களுக்கும் பொருந்தும்.